கேட் திறக்கும்வரை நெஞ்சு அடிக்கிறது

கேள்வி: அன்புள்ள அக்கா, என் கணவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் நான்கு வருடமாக கான்ட்ராக்டில் இருக்கிறார். ஏழெட்டு மாதத்துக்கு ஒருமுறை ‘பிரேக்’ என்று அனுப்பிவிட்டு, பிறகு கூப்பிடுகிறார்கள். பிரேக் நெருங்கினாலே அவருக்குத் தூக்கம் போய்விடுகிறது. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து போனைப் பார்க்கிறார். ஷூ கிழிந்துவிட்டது என்று சொன்ன பையனை அடித்துவிட்டார், அப்புறம் அவரே அழுதார். ‘ஆம்பளைக்கு மனதைரியம் வேண்டாமா’ என்கிறார் மாமியார். இது நோயா, சுபாவமா?
– ஒரு வாசகி, படப்பை

பதில்: தங்கச்சி, தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று மாமியாரிடம் சொல்லுங்கள். நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு மாதம் தற்காலிகமாக வேலை பார்த்தவள். ஒருநாள் காலை எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் பஞ்ச் கார்டுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை. ஒதுங்கி நிற்கச் சொன்னார் செக்யூரிட்டி, அவ்வளவுதான். அதிலிருந்து தினமும் கார்டை நீட்டும்போது எனக்குக் கை வியர்க்கும். காய்ச்சலோடு போயிருக்கிறேன். தகடு கீறிய விரலைத் துணி சுற்றி மறைத்திருக்கிறேன், தெரிந்தால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்களோ என்று. கடைசியில் வேலை போனபோது இரண்டு நாள் அழுதேன், மூன்றாம் நாள் நன்றாகத் தூங்கினேன். வேலை இருந்த காலத்தில்தான் தூங்கவில்லை.

பிரேக் ஏன் விடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியுமா? 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-இல் சட்டம் வந்தது. அந்தக் கணக்கு நிறையக்கூடாது என்றுதான் பல இடங்களில் இடையில் அனுப்புகிறார்கள். தன் வேலையில்தான் ஏதோ குறை என்று அவர் மருகிக்கொண்டிருந்தால், உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள். தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்றால் சர்வீஸ் அறுந்ததாகாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்துவைத்து, தொழிற்சங்கத்தாரிடமோ வக்கீலிடமோ காட்டுங்கள். சீக்கிரம் முடியும் என்று ஆசைகாட்ட மாட்டேன்.

அதுவரை அவர் தூங்காமல் இருக்க முடியாது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் மனநல சிகிச்சையும் அதில் உண்டு. பிரேக்கில் இருக்கும்போது கார்டு செல்லாது என்று நினைத்துவிடாதீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு ஜனவரி முதல் ஜூன் வரை பலன் கிடைக்கும். டாக்டரிடம் போகக் கூச்சப்பட்டால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு போன் செய்யச் சொல்லுங்கள். இலவசம், ராத்திரியிலும் தமிழில் பேசலாம். ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிற மாதிரி வார்த்தை வந்தால் மட்டும் அந்த நிமிடமே நீங்கள் கூப்பிடுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள்.

அப்புறம், பையன். அடித்தது தப்பு என்று அப்பாவே அவனிடம் சொல்லட்டும். ஷூ கேட்டதால்தான் அடி விழுந்தது என்று நினைத்துக்கொண்டு, இனி எதையுமே கேட்காமல் இருந்துவிடப் போகிறான் அந்தப் பிள்ளை.