சபையை ஏன் கிறிஸ்துவின் மணவாட்டி என்கிறார்கள்? ஆண் விசுவாசியும் மணவாட்டியா?

நான் திருகோணமலை, பாலையூற்றுப் பக்கம். ஆண்தான். ஞாயிறு பாடசாலையில் படிக்கும்போது இதே கேள்வி எனக்கும் இருந்தது, கேட்க வெட்கமாக இருந்ததால் கேட்கவில்லை. பிறகு அது விளங்கியது வேதபாட வகுப்பில் அல்ல, எங்கள் அக்காவின் கலியாணத்தில்.

அக்காவுக்கு 2003இல் கலியாண எழுத்து நடந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, வெளியில் உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்: முதலில் பதிவாளர் முன்னால் கையெழுத்து, சட்டப்படி அன்றே புருஷன் மனைவி. ஆனால் கோயிலில் தாலி கட்டி, கூறை உடுத்தி, சேர்ந்து வாழத் தொடங்குவது பிறகுதான். அத்தான் எழுத்து முடிந்த கையோடு கத்தாருக்குப் போய்விட்டார். இரண்டு வருடம் அக்கா அம்மாவோடுதான் இருந்தாள், ஆனால் ஏதாவது படிவம் நிரப்பினால் 'விவாகமானவர்' என்றுதான் எழுதுவாள். யாராவது அவளைப் பெண் கேட்டு வந்தால் அம்மா "பிள்ளைக்கு எழுத்து முடிஞ்சுது" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவா.

இயேசுவின் காலத்து யூதக் கலியாணமும் கிட்டத்தட்ட இப்படித்தான். முதலில் நியமம் (எங்கள் எழுத்துப் போலக் கட்டுப்படுத்துகிற நிச்சயம்), பிறகுதான் பெண்ணை அழைத்துப் போவது. இடையில் பெண் ஆயத்தம் செய்ய 12 மாதம் கொடுக்க வேண்டும் என்று அவர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே இருக்கிறது. மத்தேயு முதலாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். மரியாளும் யோசேப்பும் இன்னும் கூடி வாழவில்லை, ஆனாலும் அவனை 'அவள் புருஷன்' என்றும் அவளை 'உன் மனைவி' என்றும் சொல்கிறது, அவளை விட்டுவிட யோசித்தபோதும் அது முறையாகத் 'தள்ளிவிடுவதாகத்தான்' இருக்கிறது.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது (2 கொரிந்தியர் 11:2), உங்களைக் கற்புள்ள கன்னிகையாக ஒரே புருஷனுக்கு நியமித்தேன் என்கிறார். எழுத்து முடிந்தாயிற்று, கலியாண விருந்து இன்னும் வரவில்லை. விருந்து வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தல் 19இல்தான் வருகிறது. ஆகவே மணவாட்டி என்ற சொல்லை நான் முதலில் ஒரு இனிமையான உணர்ச்சியாக எடுப்பதில்லை, யாருக்குச் சொந்தம் என்பது முடிவாகிவிட்ட ஒருத்தியின் நிலையாகத்தான் எடுக்கிறேன்.

ஆண் எப்படி மணவாட்டி என்ற கேள்விக்கும் அந்த வசனத்திலேயே பதில் இருக்கிறது. 'உங்களை' என்று பலரைப் பார்த்துப் பேசுகிறவர், 'கன்னிகை' என்று ஒருத்தியைத்தான் சொல்கிறார். கொரிந்தியில் இருந்த ஆண், பெண், அடிமை, எசமான் எல்லாரும் சேர்ந்துதான் அந்த ஒருத்தி. தீர்க்கதரிசிகள் எருசலேமைச் 'சீயோன் குமாரத்தி' என்று அழைத்தபோது அந்த ஊரில் ஆண்கள் இல்லாமலா இருந்தார்கள்? நான் தனியாக மணவாட்டி இல்லை, என் பக்கத்து வாங்கில் இருக்கிற, எனக்குச் சரிவராத அந்த அண்ணனோடும் சேர்ந்துதான் மணவாட்டி. இது எனக்கு ஆறுதலும் தருகிறது, சில ஞாயிறுகளில் கஷ்டமாகவும் இருக்கிறது. தனி ஆத்துமாவை மணவாட்டியாகப் பாடுகிற மரபும் கிறிஸ்தவத்தில் பழையதுதான், மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற வேத அறிஞர், வேதத்தில் உள்ள காதல் பாட்டான உன்னதப்பாட்டைச் சபைக்கும் ஆத்துமாவுக்கும் இரண்டுக்குமே பொருத்தி விளக்கினார். ஆண்டாளைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு அது புதிதும் இல்லை. ஆனால் பவுலின் வரிகளில் முதலிடம் 'நாம்' என்பதற்குத்தான்.

ஒருமுறை ஒரு கூட்டத்தில் ஒரு போதகர், எங்கள் சபை மட்டும்தான் மணவாட்டி, மற்றவர்கள் வெறும் விருந்தாளிகள் என்று சொன்னார். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. யோவான்ஸ்நானனைப் பாருங்கள், சனமெல்லாம் இயேசுவிடம் போகிறது என்று அவனுடைய சீஷர்கள் குறைப்பட்டபோது, மணவாட்டியை உடையவனே மணவாளன் என்றான், தன்னை மணவாளனுடைய தோழன் என்றான், அதில் சந்தோஷப்பட்டான். மாப்பிள்ளைத் தோழன் பொம்பிளைக்கு உரிமை கொண்டாடினால் எங்கள் ஊர்க் கலியாண வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

சீதனம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பெண்களுக்கு இந்த உவமை அங்கேதான் இடிக்கிறது. அக்காவுக்கு வீடு கட்டிக் கொடுக்க அப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும். வேதத்தில் இந்த உவமை வரும் இடங்களிலோ கொடுப்பது மாப்பிள்ளை பக்கம். தீர்க்கதரிசி ஓசியா தன்னை விட்டுப் போன மனைவியைப் பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக்கலம் வாற்கோதுமையும் கொடுத்துத் திரும்ப வாங்கினான். எபேசியர் 5இல் கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுக்கிறார், கறைதிரை இல்லாமல் அவளைக் கழுவுகிறவரும் அவரே. அழகாக இருந்தாள், அதனால் எடுத்தார் என்று அங்கே இல்லை.

இன்னொன்று. எங்கள் கிழக்கில் கலியாணம் முடிந்தால் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார். யோவான் 14 நேர்மாறாக இருக்கிறதே, இயேசு பிதாவின் வீட்டில் இடம் ஆயத்தம் பண்ணப் போகிறேன் என்கிறாரே என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் வெளிப்படுத்தல் 21இல் மணவாட்டியாக அலங்கரிக்கப்பட்ட நகரம் வானத்திலிருந்து இறங்கி வருகிறது, தேவன் மனுஷரிடத்திலே வாசமாயிருப்பார் என்கிறது. அவர் இங்கே வந்து குடியிருக்கிறார்! அதை வாசித்த அன்று, கத்தாரிலிருந்து இரண்டு பெட்டியோடு எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்த அத்தானின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அதுவரைக்கும் மணவாட்டி என்ன செய்வது என்றும் கேட்கலாம். அக்கா அந்த இரண்டு வருடமும் சும்மா இருக்கவில்லை, தையல் பழகினாள், கட்டுகிற வீட்டுக்குத் தண்ணீர் அடித்தாள், சுனாமி வந்த கிழமை பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனத்துக்குச் சமைத்தாள். வெளிப்படுத்தல் 19:8இல் மணவாட்டி உடுத்தும் மெல்லிய வஸ்திரம் பரிசுத்தவான்களுடைய நீதிகள் என்று இருப்பதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். அத்தான் கோல் எடுக்கும்போது ஒரு நாளும் அவள் நீளமாகப் பேசியதில்லை, கொமினிகேசன் கடையில் பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள். வைக்கும்போது மட்டும் "கெதியா வாங்கோ" என்பாள். வேதத்தின் கடைசி அதிகாரத்தில் ஆவியும் மணவாட்டியும் சேர்ந்து சொல்வதும் அந்த ஒரு சொல்தான்: வா.