கவிதை, கதைகளில் வரும் உத்திகளையும் கதைப்பின்னலையும் எப்படிப் புரிந்துகொள்வது?

உவமை, உருவகம், குறியீடு என்று பெயர்களை மனப்பாடம் செய்தும், புதிதாக ஒரு கவிதையைக் கையில் கொடுத்தால் ஒன்றும் பிடிபடவில்லை என்கிறீர்கள். தொடக்கம், சிக்கல், உச்சம், முடிவு என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினாலும் அதை வைத்துக்கொண்டு கதையில் என்ன தேடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் தமிழாசிரியர் இல்லை, சும்மா படிக்கிற ஆள். எனக்குத் தோன்றுவது, அணியை ஒரு பாடமாகவும் கதையமைப்பை வேறொரு பாடமாகவும் பிரித்து வைத்ததில்தான் பாதிக் குழப்பம் வருகிறது. நல்ல எழுத்தில் ஓர் உவமை கதையை நகர்த்தும் வேலையையும் சேர்த்தே பார்க்கும்.

அதனால் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன குறையும் என்று கேளுங்கள். குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆம் பாட்டு ஐந்தே வரி:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

தலைவி தோழியிடம் சொல்கிறாள். அவன் என்னோடு கூடிய அன்று வேறு யாருமே இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான், அவனே இல்லையென்று பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன். ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு, தினைத்தாள் மாதிரிச் சின்னப் பச்சைக் கால்களோடு ஒரு குருகு மட்டும் நின்றது. தேர்வில் 'தினைத்தாள் அன்ன' என்பதை உவமை என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். சரி, ஆனால் தன் வாழ்க்கையே தொங்கலில் நிற்கிற ஒரு பெண் எதற்காகக் கொக்கின் காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள்? அந்த நாளின் ஒவ்வொரு துணுக்கும் அவளுக்குள் அப்படியே பதிந்திருக்கிறது, காலின் நிறம் உட்பட. அதோடு, இருந்த ஒரே சாட்சிக்கும் கவனம் மீன் மேல். அது பார்த்திருந்தாலும் வந்து சொல்லப் போவதில்லை. இரைக்காக அசையாமல் காத்து நின்ற குருகுக்கும் அவனுக்கும் ஏதாவது ஒற்றுமை உண்டா என்ற கேள்வியும் அடியில் கிடக்கிறது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. முழுசாக நினைத்துப் பார்க்கவே அவளுக்குத் துணிவு வரவில்லை என்றுதான் நான் வாசிப்பேன். உவமையை எடுத்துவிட்டாலும் செய்தி மாறாது, அந்தப் பெண் மட்டும் காணாமல் போய்விடுவாள்.

இதே தொகையில் ஆலங்குடி வங்கனாரின் 8ஆம் பாட்டையும் படியுங்கள். அதில் பேசுகிறவள் பரத்தை, அதாவது தலைவனுக்கு மனைவியல்லாத காதலி. வயலோரத்து மாமரத்திலிருந்து தானாக உதிரும் பழத்தை வாளை மீன் கவ்வும் ஊர்க்காரன் அவன் என்று ஆரம்பிக்கிறாள். நான் யாரையும் வளைத்துப் போடவில்லை, பழம் தானாக விழுந்தது என்று அர்த்தம். ஆனால் அப்படி நேராகச் சொல்லமாட்டாள், நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குத் தொல்காப்பியம் தரும் பெயர் உள்ளுறை. கடைசியில், அவன் தன் மனைவிக்குக் கண்ணாடிப் பிம்பம் போலக் கையைத் தூக்கினால் கை, காலைத் தூக்கினால் கால் என்று ஆடுகிறான் என்கிறாள். இது வெளிப்படையான உவமை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மறைத்துப் பேசுகிறவள் அவனைக் கேலி செய்ய மட்டும் போட்டு உடைக்கிறாள். உத்தி மாறும் இடத்தில் மனநிலையும் மாறுகிறது.

இனி கதைப்பின்னல். சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கதை எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருப்பதில் நஷ்டமும் இல்லை. ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும், அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்று முன்னுரையான பதிகமே முடிவைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறது. அப்புறம் என்ன நடக்கும் என்பதை விட, எப்படி அங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

கதை திரும்பும் இடம் கானல்வரி என்ற காதை (அத்தியாயம்). கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான்: சோழன் கங்கையைக் கூடினாலும் நீ புலக்கமாட்டாய் (ஊடமாட்டாய்), அதுவே மாதர் பெருங்கற்பு என்று அறிந்தேன், வாழி காவேரி. ஆற்றைப் பார்த்துப் பாடிய பாட்டு. பக்கத்தில் இருக்கும் மாதவிக்கு, இவன் மனம் வேறெங்கோ போய்விட்டது என்று கேட்கிறது. நமக்கோ, வீட்டில் புலக்காமல் இருக்கும் கண்ணகியின் ஞாபகம் வருகிறது. பாடுகிறவனுக்கு அது வந்ததா என்று இளங்கோ சொல்லவில்லை. மாதவி யாழை வாங்கித் தானும் வேறொரு குறிப்பு உள்ளவள் போலப் பாடுகிறாள், அதே காவேரியை, அதே அச்சில். கங்கைப் பேச்சு மட்டும் இல்லை, உன் கணவனின் செங்கோல் வளையாததால்தான் நீ இப்படி நடக்கிறாய் என்று அறிந்தேன் என்கிறாள். 'மாயப்பொய் பலகூட்டும் மாயத்தாள் பாடினாள்' என்று கோவலன் எழுந்து போய்விடுகிறான். பாட்டில் பேசுகிற குரலையும் பாடுகிற ஆளையும் ஒன்றாக எடுத்துக்கொண்டதில் மொத்தக் காப்பியமும் தடம் மாறுகிறது. கவிதையை எப்படிப் படிப்பது என்ற உங்கள் கேள்வி அங்கே உயிர் போகிற விஷயமாகவே ஆகிவிட்டது!

இப்போது கொலைக்களக் காதைக்கு வாருங்கள். மதுரையில் பாண்டியன் ஆடல் பாடல் பார்க்கிறான், அவை அரசன் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டன என்று கோப்பெருந்தேவிக்கு ஊடல். தலைவலி என்று சாக்குச் சொல்லி எழுந்து போகிறாள். அவளைச் சமாதானப்படுத்தப் போகிற வழியில்தான் பொற்கொல்லன் குறுக்கே வந்து விழுகிறான். தேவியின் சிலம்பு திரும்பிவிட்டால் ஊடலும் தீர்ந்துவிடும். தீர விசாரிக்காமல் 'கொன்று அச்சிலம்பு கொணர்க' என்கிறான் அரசன். புகாரில் பாட்டால் ஒரு ஊடல், மதுரையில் ஆட்டம் பாட்டால் இன்னொரு ஊடல். முதல் ஊடல் கோவலனைக் கண்ணகியிடம் கொண்டு சேர்க்கிறது, இரண்டாவது ஊடல் அவன் உயிரை எடுக்கிறது. ஊடுவதற்கு எல்லா நியாயமும் இருந்த கண்ணகி மட்டும் ஊடவேயில்லை. ஒரு நிகழ்ச்சியின் சாயலில் இன்னொன்றைத் தூரத்தில் வைத்துவிட்டு, நடுவே நம்மை நடக்க விடுவது. கதைப்பின்னல் என்று நான் புரிந்துகொண்டது இதைத்தான்.

சிலம்பையும் அப்படியே பின்தொடரலாம். அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் கண்ணகியின் அடிகள் 'அணிசிலம்பு ஒழிய' இருக்கின்றன, பிரிவைக் காட்ட ஒரு வெறுங்கால். கனாத்திறம் உரைத்த காதையில் கோவலன் வெட்கப்பட்டு நிற்கும்போது 'சிலம்பு உள கொண்ம்' என்று கழற்றிக் கொடுக்கத் தயாராகிறாள். வழக்குரை காதையில் அதையே உடைக்கிறாள், உள்ளிருந்து மாணிக்கப் பரல் அரசன் முகத்தில் தெறிக்கிறது. குறியீடு என்று முதல் பக்கத்திலேயே முத்திரை குத்த வேண்டாம், ஒரு பொருள் மூன்றாம் முறை தலைகாட்டும்போது திரும்பிப் பாருங்கள், போதும். புறஞ்சேரி இறுத்த காதையில் மதுரைக் கோட்டைக் கொடிகள் 'வாரல்' என்று கைகாட்டுவது போல அசைவதைத் தற்குறிப்பேற்ற அணி என்று எல்லோரும் படித்திருப்போம். அங்கே அணியும் முன்னறிவிப்பும் ஒன்றேதான். காற்றில் ஆடும் கொடி கதையின் முடிவைத் தெரிந்து வைத்திருக்கிறது, கோவலனுக்கு மட்டும் தெரியவில்லை.

கரும்பலகையில் போடும் அந்த முக்கோணம் 1863இல் கஸ்டாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மானியர் நாடகத்தை மனத்தில் வைத்துச் சொன்னது. எல்லாக் கதைக்கும் அதை மாட்டிப் பார்க்கத் தேவையில்லை. சிலம்பில் மொத்தம் 30 காதை, வழக்குரை இருபதாவது. உச்சம் முடிந்த பிறகும் பத்து காதை ஓடுகிறது, அதில் வஞ்சிக் காண்டம் முழுக்கக் கண்ணகி என்ற மனுஷியே இல்லை. சிலம்புக்குப் பழைய உரை எழுதிய அடியார்க்கு நல்லார், நாடகத்தின் கட்டங்களான சந்தி ஐந்தையும் விளக்கும் விதம் எனக்கு அதை விடப் பிடிக்கும்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். உழுத நிலத்தில் விதை முளைப்பது, நாற்றாவது, கரு கொள்வது, கதிர் முற்றுவது, கடைசியில் அறுத்துப் போரடித்துத் தூற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது. விளைச்சலோடு நிறுத்தாமல் சாப்பாடு வரை போகிறார் பாருங்கள். அப்படிப் பார்த்தால் வஞ்சிக் காண்டம் ஒட்டாத வாலாகத் தெரியாது.

சிறுகதைக்கு இவ்வளவு இடம் கிடையாது. புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' பழைய கதை முடிகிற இடத்தில், கல் பெண்ணாகிற இடத்தில் தொடங்கி, அவள் மறுபடி கல்லாவதில் முடிகிறது. ராமன் சீதையைத் தீக்குளிக்க வைத்த செய்தி அகலிகை காதில் விழும் ஒரு உரையாடல் போதுமானதாக இருக்கிறது. முதல் கல்லையும் கடைசிக் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அமைப்பு புரிந்துவிடும். முதலாவது அடுத்தவர் கொடுத்த சாபம், கடைசியது அவளாகவே ஆனது.

தேர்வுக்குப் பெயர்கள் வேண்டும்தான், மறுக்கவில்லை. இப்படி ஒன்றிரண்டு பாட்டைப் படித்த பிறகு பெயரைச் சேர்த்துக்கொண்டால் தானாகவே நிற்கும். சிலம்பை உரையோடு படிக்க நினைத்தால் உ.வே.சா. 1892இல் கொண்டுவந்த பதிப்பின் வழி வந்த அடியார்க்கு நல்லார் உரையில் தொடங்குங்கள். ஒரு சின்ன வருத்தம், அவர் உரை ஊர்சூழ்வரி வரைதான் கிடைத்திருக்கிறது, அதிலும் நடுவில் கானல்வரிக்கு இல்லை.