கேள்வி – பதில்: நின்றுபோன உடற்பயிற்சியை மீண்டும் தொடங்குவோருக்கு

ஒரு காலத்தில் ஓடியாடித் திரிந்த உடம்பு வேலை, குடும்பம், நோய் என ஏதோ ஒன்றின் பொருட்டு முடங்கிப்போக, அதைத் தேற்ற முயன்று பாதியிலேயே கைவிட்டவர்களின் கடிதங்கள்தான் இம்முறை மிகுதியாக வந்திருக்கின்றன. ஓர் இயன்முறை மருத்துவராக நான் நாள்தோறும் சந்திக்கும் கேள்விகளும் இவையே என்பதால், பலருக்கும் பயன்படக்கூடிய ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 46. கல்லூரி நாட்களில் கபடி அணியில் ஆடியவன். கடந்த 20 ஆண்டுகளாக அலுவலகத்தில் உட்கார்ந்த வேலை. இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ. ஆகிவிட்டது. தை மாதம் ஜிம்மில் சேர்ந்து, முதல் நாளிலிருந்தே ட்ரெட்மில்லில் 45 நிமிட ஓட்டமும் 100 பஸ்கியும் செய்தேன். ஒன்பதாம் நாள் வலது முழங்காலில் வலி கண்டு நிறுத்தியவன், அதன்பின் போகவே இல்லை. என் உடம்பு இனித் தேறாதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நிச்சயமாகத் தேறும். ஆனால் உங்களுக்கு வலி வந்ததற்கான காரணத்தைப் புரிந்துகொள்ளாமல் மறுபடி தொடங்கினால், அதே ஒன்பதாம் நாளில் அதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் தசைகளும் பழகிக்கொள்ளத் தொடங்கிவிடுகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும் மூட்டைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுக்களும் அதே அளவு உறுதி பெறுவதற்கோ மாதங்கள் ஆகின்றன. விளையாட்டு வீரர்களாக இருந்தவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கிறது. உங்கள் நினைவில் இருப்பது, பாடிப் போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பிய கால். நீங்கள் ட்ரெட்மில்லில் ஏற்றியதோ, 20 ஆண்டுகள் மேசைக்கு அடியில் மடங்கிக் கிடந்த கால். மூச்சு ஈடுகொடுத்தது, மனம் உந்தியது; முழங்கால் சிப்பியைச் சுற்றியுள்ள திசுக்களால் மட்டும் அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை. எடையும் இதில் சேர்கிறது. மூட்டுத் தேய்மானமும் கூடுதல் எடையும் உள்ள முதியவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், ஒரு கிலோ எடை குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைவது தெரியவந்தது.

முதலில் முழங்காலைக் கவனியுங்கள். வீக்கம் இருந்தாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் கால் நழுவுவதுபோல் தோன்றினாலோ, எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் இந்த வாரமே பரிசோதித்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வாயுப் பிடிப்பு என்று நீங்களாகவே முடிவு செய்துகொள்ளக் கூடாது.

முதல் இரண்டு வாரம் நாளொன்றுக்கு 15 நிமிட நடை போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு. பஸ்கிக்குப் பதிலாக வீட்டிலுள்ள கையில்லாத மர நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன் முன்விளிம்பில் உட்கார்ந்து, இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, பாதங்கள் முழுவதும் தரையில் பதிந்திருக்க, மூச்சை விட்டபடி எழுந்து நில்லுங்கள். உட்காரும்போதுதான் கவனம் தேவை: பொத்தென்று விழாமல், மனதுக்குள் மூன்று எண்ணியபடி மெல்ல இறங்க வேண்டும். எட்டு முறை செய்து, ஓய்வெடுத்து, மீண்டும் எட்டு முறை செய்தால் அன்றைக்கு அது போதும். ‘இதெல்லாம் ஒரு பயிற்சியா’ என்று உங்களுக்குத் தோன்றும். அப்படித் தோன்றும் அளவில் தொடங்குவதே சரி என்பது என் அனுபவம். அதன்பின் வாரத்துக்கு ஐந்து நிமிடம் வீதம் நடையைக் கூட்டிக்கொண்டே போனால், இரண்டாம் மாதத்துக்குள் வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிட நடை கைவந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவான வாரம் 150 நிமிடம் என்பது அதுவே. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். ஓட்டத்தை இரண்டு மாதம் கழித்து, ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பது என்று தொடங்கலாம்.

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் இரு தொடைகளிலும் ஒருசேர வலிப்பது இயல்பானது, தானாகவே தணிந்துவிடும். ஒரு மூட்டில் மட்டும் குத்துவதுபோல் வலித்து, படி இறங்கும்போது அது கூடினால், முந்தைய வாரத்தின் அளவுக்குத் திரும்பிவிடுங்கள். என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர், தினசரி காலண்டரில் அன்றன்று கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் எத்தனை நிமிடம் நடந்தார், எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தார் என்று எழுதி ஒரு கம்பியில் குத்தி வைத்துக்கொண்டே வந்தார். மனம் தளரும் நாட்களில் அந்தக் கட்டைப் புரட்டிப் பார்ப்பேன் என்று அவர் சொன்னதை நான் பலருக்கும் எடுத்துச் சொல்வதுண்டு.

இடுப்பளவை மாதம் ஒருமுறை எடுத்தால் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் தையல்காரர் டேப்பைச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆண்களானால் 90 செ.மீ.க்குள்ளும், பெண்களானால் 80 செ.மீ.க்குள்ளும் இருப்பது நல்லது.

கேள்வி: வயிற்றில் ரப்பர் பெல்ட் கட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்க நடந்தால் தொப்பை கரையும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, வேலூர்

பதில்: இல்லை. வியர்வை என்பது நீரும் உப்பும்தான். நடந்து முடித்ததும் எடை இயந்திரத்தில் குறைந்து தெரிவது, இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும். ஓரிடத்துக் கொழுப்பை மட்டும் தேர்ந்தெடுத்துக் கரைக்கும் வழி உடம்பில் கிடையாது. உங்கள் ஊர் வெயிலில், உடம்பின் சூடு வெளியேறாதபடி இறுகக் கட்டிக்கொண்டு நடப்பது மயக்கத்திலும் வெப்பத்தாக்கத்திலும் கொண்டுபோய் விடலாம் என்பதால், தயவுசெய்து அந்தப் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 39. இரண்டு பிள்ளைகள். ஜவுளிக் கடையில் வேலை. மூன்று மாதமாக முடிந்தபோதெல்லாம் நடக்கிறேன், எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. வீட்டு வேலையே உடற்பயிற்சி இல்லையா? சோற்றை அடியோடு நிறுத்திவிடலாமா? எங்கள் குடும்பத்தில் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சர்க்கரை நோய் இருப்பது பயமாக இருக்கிறது.
– வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, எடை குறையவில்லை என்பதற்காக அந்த மூன்று மாதத்தையும் வீண் என்று எண்ணிவிடாதீர்கள். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரனின் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு காலம் தொடர்ந்து கவனித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உணவிலும் நடையிலும் மாற்றம் செய்துகொண்டவர்களுக்கு, அப்படிச் செய்யாதவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது; இத்தனைக்கும் அவர்களின் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் ஏற்பட்டிருக்கவில்லை. வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது; அந்த நன்மை எடை இயந்திரத்தின் முள்ளில் தெரிவதில்லை. உங்கள் குடும்ப வரலாற்றை வைத்துப் பார்த்தால், எடையைவிட இதுதான் உங்களுக்கு முக்கியம்.

வீட்டு வேலையில் மூச்சு வாங்கவைக்கும் பகுதி பயிற்சிக் கணக்கில் நிச்சயமாகச் சேரும். தண்ணீர்க் குடம் தூக்குவதும், துணி துவைத்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போடுவதும், மாவரைக்கும் கிரைண்டரின் கல்லைத் தூக்கிக் கழுவுவதும் அப்படிப்பட்டவை. அடுப்படியில் மணிக்கணக்கில் நிற்பது களைப்பைத்தான் தரும். சேர்ந்தாற்போல் பத்து நிமிடமாவது செய்தால்தான் பலன் என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் நீக்கிவிட்டது என்பது உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல செய்தி. கடையில் கிடைக்கும் எட்டு நிமிடமும் கணக்குத்தான். முடிந்தால் அந்த எட்டு நிமிடத்தைச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையை அந்த நடை மட்டுப்படுத்தும்.

சோற்றை நிறுத்த வேண்டியதில்லை. அடியோடு நிறுத்தியவர்கள் பத்தாம் நாள் பிரியாணிக்கு முன் உட்கார்ந்து அழாத குறையாக வருந்துவதை நான் பார்த்திருக்கிறேன். தட்டில் முதலில் பொரியலையும் கீரையையும் பாதி இடத்துக்கு வைத்து, பருப்போ முட்டையோ மீனோ கால் பங்குக்கு வைத்து, மிஞ்சிய இடத்தில் சோறு போடுங்கள். இப்போது சோற்றைப் போட்டபின் அல்லவா மற்றவற்றுக்கு இடம் தேடுகிறோம்! கூடவே மூன்று இடங்களைக் கவனியுங்கள். நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால் ஏறக்குறைய 40 கிராம் ஆகிறது. 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் செலவானால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 270 கலோரி எண்ணெயிலிருந்தே வந்துவிடுகிறது. மாதத் தொடக்கத்தில் மூன்று லிட்டர் மட்டும் வாங்கி, அதற்குள் சமையலை அடக்கிப் பாருங்கள். மூன்றாவது, பெண்கள் யாரும் கணக்கில் எழுதாதது: பிள்ளைகள் மிச்சம் வைத்த அரை இட்லியும், சட்டியின் அடியில் ஒட்டிய இரண்டு கைச் சோறும் வீணாகக் கூடாது என்று நீங்கள் வாயில் போட்டுக்கொள்வது. பிள்ளைகளுக்குக் குறைவாகப் பரிமாறி, வேண்டுமானால் மறுபடி போடுங்கள், மிச்சமே இருக்காது.

கேள்வி: இரவுப் பணி செய்யும் 26 வயது இளைஞன். நாளொன்றுக்கு 10,000 அடி நடந்தே ஆக வேண்டுமா? 6,000-க்கு மேல் போவதே இல்லை.
– வாசகர், சென்னை

பதில்: அந்த 10,000 என்ற எண், 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ-கெய்’ என்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது, பத்தாயிரம் அடி அளவி என்பதே அப்பெயரின் பொருள். மருத்துவ ஆய்வில் கண்டறியப்பட்ட எல்லை அன்று அது. வயதான பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நாளுக்கு 4,400 அடி அளவிலேயே இறப்பு விகிதம் குறையத் தொடங்கி, 7,500 அடியை ஒட்டி அந்த நன்மை நிலைபெற்றுவிட்டது. உங்கள் 6,000-த்தில் ஆயிரத்தையாவது மூச்சு வாங்கும் வேகத்தில் நடங்கள், வாரம் இருமுறை தண்டால் எடுங்கள். உங்களைப் பொறுத்தவரை நான் கவலைப்படுவது தூக்கத்தைப் பற்றித்தான். பகலில் அறையை இருட்டாக்கி, கைபேசியை வேறு அறையில் வைத்து, ஏழு மணி நேரம் தூங்க வழி செய்யுங்கள். தூக்கம் குறைந்தால் பசி கூடும், விடியற்காலைப் பரோட்டாவை உங்களால் மறுக்க முடியாது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான், வயது 67. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். மூன்று மாதம் படுக்கையில் இருந்து எழுந்தபின் கால்கள் மெலிந்துவிட்டன. எல்லோரும் நடக்க மட்டும் சொல்கிறார்கள். இந்த வயதில் எடை தூக்குவது தகுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தகும் ஐயா, உங்களுக்கு அது அவசியமும்கூட. வயதோடு தசை கரைவது இயல்பு. படுக்கை அதை விரைவுபடுத்திவிடுகிறது. நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் கரைந்த தொடைத் தசையைத் திரும்பக் கட்ட நடை மட்டும் போதாது. 1990-இல் பாஸ்டனில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் இளைஞர்.

உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, திருநெல்வேலி வாசகருக்குச் சொன்ன நாற்காலிப் பயிற்சியைக் கைப்பிடி உள்ள நாற்காலியில், கைகளை ஊன்றியே தொடங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒரு கிலோ எடை. இரு கைகளிலும் ஒவ்வொன்றைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டலாம். சர்க்கரைக்கான சில மாத்திரைகள் பயிற்சியின்போது சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடக்கூடும் என்பதால், வெறும் வயிற்றில் செய்யாதீர்கள். சட்டைப்பையில் நாலைந்து சர்க்கரை மிட்டாய் இருக்கட்டும். கோயில் பிராகாரமானாலும் வெயில் ஏறியபின் வெறுங்காலோடு சுற்ற வேண்டாம். காலில் உணர்ச்சி மங்கியிருந்தால் கொப்புளம் எழுவதே தெரியாது. புரதம் இல்லாமல் தசை வளராது. 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறக்குறைய 9 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும் புரதம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு இல்லையென்று உறுதி செய்துகொண்டு, ஒவ்வொரு வேளையிலும் இப்படி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விழாமல் இருப்பதற்கும் பயிற்சி வேண்டும். வாசல் நிலையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நின்று, பிறகு கால் மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு கையை எடுத்துவிடலாம். அடுத்த வாரம் ஒரு விரல் மட்டும் நிலையைத் தொட்டிருக்கட்டும். அந்த விரலையும் எடுத்துப் பார்க்கும் நாளில், வீட்டிலுள்ள யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.