சட்டம் கேளுங்கள்: தெரியாமலே வந்த தீர்ப்பு

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. புரோநோட்டுக் கடனுக்கு என் மேல் எக்ஸ்பார்ட்டி (நான் ஆஜராகாமலே) தீர்ப்பாகியிருக்கிறது. சம்மன், காலி செய்துவிட்ட பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. இ.பி. (தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு) நோட்டீஸ் வந்த பிறகுதான் விஷயமே தெரியும். தீர்ப்பை ரத்து செய்ய முடியுமா?

பதில்: முடியும் (உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 9 விதி 13). ஆனால் மனு போடக் கெடு 30 நாள்தான். சம்மன் முறைப்படி சேரவில்லை என்றால், தீர்ப்பு உங்களுக்குத் தெரியவந்த தேதியிலிருந்து அதை எண்ண வேண்டும். ஆகவே இ.பி. நோட்டீஸ் வந்த கவரைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

முதலில் வக்கீலை விட்டு வழக்குக் கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சம்மனைக் கதவில் ஒட்டியதாக அமீனா (சம்மன் கொண்டுவரும் கோர்ட் ஊழியர்) எழுதியிருந்தால், வீட்டை அடையாளம் காட்டியவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். தபால் திரும்பியிருந்தால், கவரின் மேல் போஸ்ட்மேன் எழுதிய குறிப்பைப் பாருங்கள். இவற்றுக்குச் சான்றிட்ட நகல் வாங்கி, வீடு மாறியதைக் காட்டும் ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீதோடு சேர்த்துப் போடுங்கள். மனு நிற்பதும் விழுவதும் இந்தக் காகிதங்களால்தான். வாய்தா தேதி வேறு வழியில் உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால், சம்மனில் உள்ள சின்னக் குறை உதவாது. கெடு தாண்டியிருந்தால் தாமத மன்னிப்பு மனுவும் கூடவே போக வேண்டும்.

மனு போட்டதாலேயே ஜப்தி நின்றுவிடாது. பலர் தோட்டத்தைப் பறிகொடுக்கும் நிலைக்கு வருவது இது தெரியாததால்தான். இ.பி.க்குத் தடை கேட்டுத் தனி மனு வேண்டும். ஒரு பகுதிப் பணத்தைக் கட்டச் சொல்லி நீதிபதி தடை கொடுக்கலாம். சொன்ன தேதிக்குள் கட்டாவிட்டால் தடை போய்விடும்.

கடனும் கையெழுத்தும் உண்மை என்றால் இழுத்தடிக்காதீர்கள், வட்டி ஏறும். எதிர்த்தரப்பைச் சம்மதிக்கவைத்துத் தவணை உத்தரவு வாங்குங்கள். நேரில் பணம் கொடுத்தால் 30 நாளுக்குள் கோர்ட்டில் பதிவு செய்ய மனு போடுங்கள். பதியாத பணத்தை இ.பி. கோர்ட் கணக்கில் எடுக்காது.

தோட்டம் ஜப்தியாகலாம். ஆனால் பயிரிட்டுப் பிழைக்கும் விவசாயி குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 60 பாதுகாப்புத் தருகிறது. அதை ஆட்சேபணையாக நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: கொடைக்கானலில் கடை வைத்திருக்கும் பெண் நான். கடன் வழக்கில் தீர்ப்பான பணத்தைக் கட்டாவிட்டால் கைது செய்வார்களா?

பதில்: மாட்டார்கள். பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்ய அதே சட்டத்தின் பிரிவு 56 தடை விதிக்கிறது. கடைச் சரக்கு ஜப்தியாகலாம், அதனால் நோட்டீஸை அலட்சியப்படுத்தாதீர்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள்.