அருகிவரும் உயிர்களை வரைதல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் மகளின் எட்டாவது பிறந்தநாளுக்கு உறவினர் ஒருவர் அழிந்துவரும் விலங்குகளைப் பற்றிய படப்புத்தகம் ஒன்றைப் பரிசளித்தார். பெரிய தாளில் அழகிய வண்ண ஓவியங்கள். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அந்த விலங்கில் எத்தனை எஞ்சியிருக்கின்றன என்று ஓர் எண். நான்கைந்து பக்கங்களைப் புரட்டியவள் புத்தகத்தை மூடிவிட்டு, "நான் பெரியவளாகும்போது இதெல்லாம் இருக்காதா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. புத்தகத்தை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். புகைப்படங்களும் காணொளிகளும் இவ்வளவு கிடைக்கும் காலத்தில், அரிய விலங்குகளை ஓவியமாக வரைந்து நூலாக்க வேண்டிய தேவை என்ன? இவற்றைக் குழந்தைகளிடம் கொடுக்கத்தான் வேண்டுமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் மகளின் கேள்வி இரண்டு நாட்களாக என்னோடு இருக்கிறது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன் உங்கள் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

புகைப்படங்கள் ஏராளமாகக் கிடைப்பது பரவலாக வாழும் விலங்குகளுக்குத்தான். வியட்நாமும் லாவோசும் சந்திக்கும் மலைக்காடுகளில் வாழும், மான் போலத் தோன்றும் மாட்டினமான சாவோலாவை அறிவியல் உலகம் அறிந்ததே 1992இல்தான், அதுவும் வேட்டைக்காரர்களின் வீடுகளில் இருந்த நீண்ட கொம்புகளின் மூலமாக. காட்டில் வைத்த தானியங்கிக் கேமராக்களில் அது பதிவானது ஒரு சில முறைகளே. கடைசிப் பதிவு 2013இல் கிடைத்தது. அந்தச் சில படங்கள் அதன் மேனியை முழுமையாக அறியப் போதாது. எலும்பையும், தோலையும், நேரில் பார்த்தவர்களின் குறிப்புகளையும் ஒன்றுசேர்த்து, அந்த விலங்கை நம் கண்முன் நிறுத்தக்கூடியவர் ஓவியரே. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் வாழ்ந்த, முதுகில் கோடுகள் கொண்ட ஊனுண்ணியான தைலசின் இன்னொரு சான்று. கடைசியாக நாம் அறிந்த தைலசின் 1936 செப்டம்பரில் ஹோபர்ட் நகர விலங்குக்காட்சிச் சாலையில் இறந்தது. அது உயிரோடு நடமாடியதைக் காட்டும் படச்சுருள்கள் எல்லாம் சேர்ந்தாலும் சில நிமிடங்களே வரும், அவையும் கறுப்பு வெள்ளை. அதன் முதுகுக் கோடுகளை நம்மில் பலர் வண்ணத்தில் அறிந்திருக்கிறோம் என்றால், 1845க்கும் 1863க்கும் இடையில் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் கூல்ட் வெளியிட்ட ஆஸ்திரேலியப் பாலூட்டிகள் நூலின் கற்பதிப்பு (கல்லில் வரைந்து அச்சிட்ட) ஓவியங்கள் போன்றவைதான் அதற்குக் காரணம். அந்த விலங்கு விரைவில் ஒழிக்கப்பட்டுவிடும் என்று கூல்ட் அந்த நூலிலேயே எழுதியும் வைத்தார்.

நேரில் பார்க்க முடியாத விலங்கை வரைபவருக்குப் பொறுப்பு அதிகம். அவர் பிழையாக வரைந்தால் அதைத் திருத்த யாரிடமும் அசல் இருக்காது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1515இல் காண்டாமிருகத்தை மரச்செதுக்காக வெளியிட்டபோது அதைக் கண்ணால் கண்டதில்லை. லிஸ்பனிலிருந்து வந்த ஒரு விவரிப்பும் ஒரு கோட்டோவியமுமே அவரிடம் இருந்தன. பிடரியில் இல்லாத ஒரு சிறு கொம்பை அவர் வரைந்தார். அந்தக் கொம்பு 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய இயற்கை நூல்களில் வளர்ந்துகொண்டிருந்தது. காண்டாமிருகம் பிழைத்திருந்ததால் பிழை தீர்ந்தது. மொரீசியஸ் தீவில் வாழ்ந்து அழிந்துபோன பறக்காத பறவையான டோடோவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. கூண்டில் கொழுத்த பறவைகளையோ பழைய படங்களையோ பார்த்து வரைந்த ஐரோப்பிய ஓவியங்களால், டோடோ என்றாலே தள்ளாடும் சதைப்பிண்டம் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. ஆனால் முகலாய அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் ஏறத்தாழ 1625இல் வரைந்ததாகக் கருதப்படும் ஓவியத்தில், வேறு பறவைகளுக்கு நடுவே மெலிந்த பழுப்பு நிற டோடோ ஒன்று நிற்கிறது. உயிருள்ள பறவையைப் பார்த்து வரைந்தவற்றுள் மிகவும் நம்பத்தக்க ஓவியங்களில் ஒன்றாக விலங்கியலாளர்கள் அதைக் கொள்கிறார்கள். ஒரு மனிதர் பொறுமையாக உற்றுப் பார்த்ததால், இன்றைக்கு இல்லாத ஓர் உயிரின் உண்மையான மேனி நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நன்றியுணர்வே மேலிடுகிறது.

இன்றைய நூல்களையும் இதே அளவுகோலால்தான் நான் பார்க்கிறேன். மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவின் வடமுனையில் மட்டும் வாழும் வாக்கிடா ஏறத்தாழ 10 என்ற அளவுக்கு அருகிவிட்ட கடற்பன்றி, அதாவது டால்பினுக்கு உறவான சிறு கடல் பாலூட்டி. கூச்சம் மிகுந்த அது படகுகளை விட்டு விலகி, நீரைக் கலைக்காமல் மெல்ல மேலெழுந்து மூச்சு வாங்கி உடனே அமிழ்ந்துவிடும். அதை டால்பினைப்போல அலைக்கு மேலே துள்ளிக் குதித்துச் சிரிப்பதாக வரையும்போது, டியூரரின் கொம்பையே நாமும் வரைகிறோம். அதன் சாவுக்குக் காரணமானது டொட்டோவாபா என்ற மீனின் காற்றுப்பைக்காகக் கள்ளத்தனமாக விரிக்கப்படும் செவுள் வலை. அந்த வலையை வரையாமல் வாக்கிடாவை மட்டும் அழகாக வரைந்த பக்கத்தைப் பார்க்கும் குழந்தை, அந்த எண் ஏன் அவ்வளவு சிறிதாயிற்று என்று எப்படி அறியும்? காடோ கடலோ புல்லோ இல்லாமல் வெள்ளைத்தாளின் நடுவே நிறுத்தப்பட்ட விலங்குகளைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த விலங்கு எதை இழந்ததோ, அதையே ஓவியரும் அதனிடமிருந்து பறித்துவிடுகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புலியும் பாண்டாவும் இல்லாத நூல் அபூர்வம். தவளையும் நத்தையும் உள்ள நூலும் அபூர்வம். ஆனால் இருவாழ்விகளில் ஐந்தில் இரண்டு பங்கு இனங்கள் அழியும் நிலையில் உள்ளன.

இனி உங்கள் மகளின் கேள்வி. "எல்லாம் இருக்கும்" என்று அவளிடம் சொல்லாதீர்கள், அது பொய். வடக்கத்திய வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆண் 2018இல் இறந்தது, இரண்டு பெண் காண்டாமிருகங்களே எஞ்சியிருக்கின்றன. ஆனால் உங்கள் வீட்டுப் புத்தகம் அவளுக்கு ஒரு பாதியை மட்டுமே சொல்லியிருக்கிறது என்று எண்ணுகிறேன். அச்சிட்ட எண் அசையாமல் நிற்பதால், எல்லாம் தீர்ப்பாகிவிட்டது என்று குழந்தைக்குத் தோன்றிவிடுகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1960களில், அழியும் ஆபத்தில் உள்ள இனங்களைப் பட்டியலிடும் சிவப்புத் தரவு நூலை வெளியிடத் தொடங்கியபோது, அதைச் சேர்த்துத் தைக்காமல், கழற்றி மாற்றக்கூடிய தாள்களாகவே அமைத்தது. பேராபத்தில் உள்ள இனங்களுக்கு இளஞ்சிவப்புத் தாள்; மீண்டுவிட்ட இனங்களுக்குப் பச்சைத் தாள். நிலைமை மாறினால் தாளும் மாறும். இதைவிடச் சரியான நூல்வடிவத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அரேபிய ஒரிக்ஸ் மான் 1972இல் காட்டிலிருந்து முற்றிலும் மறைந்தது. விலங்குக்காட்சிச் சாலைகளில் வளர்த்தவற்றை 1982இல் ஓமானின் பாலைவனத்தில் திறந்துவிட்டார்கள். இன்று அது மீண்டும் பாலைவனத்தில் வாழ்கிறது. நியூசிலாந்தின் பறக்காத பச்சைக்கிளியான ககாபோ 1995இல் 51 மட்டுமே இருந்தது. கொன்றுதின்னிகள் இல்லாத தீவுகளுக்குக் கொண்டுசென்று, ஒவ்வொரு பறவைக்கும் பெயர் வைத்து, கூடுகளுக்குக் காவலிருந்து வளர்த்தார்கள். இப்போது அந்த எண்ணிக்கை 200ஐத் தாண்டியிருக்கிறது.

புத்தகத்தை மேல்தட்டிலிருந்து இறக்குங்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு விலங்கைத் தேர்ந்தெடுத்து, இன்றைய எண்ணிக்கையைத் தேடிப் பார்த்து, அச்சிட்ட எண்ணுக்குப் பக்கத்தில் அவளையே பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். கூடவே தேதியையும் எழுதட்டும். அடுத்த பிறந்தநாளுக்கு அதே பக்கத்தை மறுபடி திறங்கள். அந்தப் பக்கத்தில் வலையோ காடோ வரையப்படாமல் இருந்தால், அதையும் அவளே வரையலாம்.

அன்புடன்.