நாடக வாள் எங்கே மின்ன வேண்டும், எங்கே மங்க வேண்டும்?

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவில் கட்டபொம்மன் நாடகம் போடுகிறோம். பட்டறையில் சொல்லி 4 மி.மீ. அலுமினியப் பட்டையில் வாளும், பித்தளைத் தகட்டில் கைப்பிடிக் காப்பும் செய்து வாங்கினேன். வடிவம் சரியாக வந்திருக்கிறது. ஆனால் இப்போதுதான் பாத்திரக் கடையிலிருந்து வந்தது போலப் பளபளக்கிறது. என்னிடம் அரங்கள், சின்னச் சுத்தியல், உப்புத்தாள் மட்டுமே உண்டு. இதை நிஜ வாள் போல ஆக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். மெஷின் இல்லாததும் ஒரு வகையில் நல்லதுதான். கிரைண்டர் ஒரு நிமிடத்தில் தின்றுவிடும் இடத்தில் அரம் உங்களை யோசிக்க விடும்.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபரில். மேடையில் நடப்பது அந்தக் காலம் என்பதால் அங்கே இந்த வாள் பழம்பொருள் இல்லை, தினமும் இடுப்பில் தொங்கும் வாள். பலரும் இதை மறந்துவிட்டு, புதையலில் தோண்டி எடுத்தது போலத் துருவும் குழியுமாக ஆக்கிவிடுகிறார்கள். பாளையக்காரர் வாளுக்கு எண்ணெய் போட ஆள் இருந்திருக்காதா? அதனால் தேய்மானம் மட்டும் தெரிந்தால் போதும். சென்னைப் பக்கம் வந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த ஆயுதங்களைப் பாருங்கள். அலகை விடக் கைப்பிடியில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

அலகிலிருந்து தொடங்கலாம். உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, 220, 400, 600 என்ற எண் வரிசையில் (எண் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும்), வாளின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் அது பாத்திரம் துலக்கிய தடம், வாள் தீட்டிய தடம் அல்ல. விளிம்பை அரத்தால் சரிக்கும்போது அலுமினியத் துகள் பற்களுக்குள் அடைத்துக்கொண்டு புதுக் கீறல் போடும். அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் அவ்வளவாக அடைக்காது. அடைத்ததைக் கம்பி பிரஷால் எடுத்துவிடுங்கள். விளிம்பு 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது. முனையையும் உருட்டிவிடுங்கள். நடிப்பவர்கள் பிள்ளைகள்.

அலகின் நடுவே ஓடும் பள்ளத்தை ‘ரத்தம் வழியும் கால்வாய்’ என்பார்கள். அது கதை. பலம் குறையாமல் எடையைக் குறைப்பதுதான் அதன் வேலை. கையால் அதைத் தோண்ட ஒரு நாள் முழுக்கப் போய்விடும். குறுக்குவழி ஒன்று: இரும்பு ஸ்கேலை வைத்து இரண்டு இணைகோடுகளை ஆழமாகக் கீறி, நடுப்பகுதியை மட்டும் 220-லேயே மங்கலாக விட்டுவிடுங்கள். தூரத்திலிருந்து பள்ளம் போலவே தெரியும்.

போர்த் தழும்பு போடும் ஆசை வரும். வாள்கள் மேடையில் மோதுமென்றால் விளிம்பில் ஒரு வெட்டுக்கூடப் போடாதீர்கள். உலோகம் விரிசல் விடத் தொடங்குவது அப்படிப்பட்ட வெட்டில்தான். மோதாதென்றால் வட்ட அரத்தால் இரண்டு மூன்று ஆழமில்லாத தடங்கள் போதும். ஒவ்வொன்றிலும் பிசிறை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும்.

இனி பித்தளைக் காப்பு. ரசிக்கும்படியான வேலை இங்கேதான் இருக்கிறது. உளியால் செதுக்கப் பழக்கம் வேண்டும், வழுக்கினால் தகடும் போச்சு, விரலும் போச்சு. பஞ்ச் அடிப்பது எளிது, அதில் உலோகம் வெட்டுப்படாமல் அமுங்க மட்டும் செய்யும். கான்கிரீட் ஆணிகள் நாலைந்து வாங்கி, ஒன்றின் முனையை உருண்டையாகவும், ஒன்றைப் பிறை போலவும், ஒன்றை மழுங்கின கோடு போலவும் ராவிக்கொள்ளுங்கள். ஆணி கெட்டியானது, பழைய அரத்தால் ராவுங்கள். டிவைடரால் இடைவெளி குறித்துவிட்டு, பழைய பித்தளைத் துண்டில் ஐம்பது அடியாவது பழகுங்கள். தகட்டுக்கு அடியில் மணல்மூட்டையோ ஈயக்கட்டியோ இருக்கட்டும். தஞ்சாவூர்த் தட்டு செய்பவர்கள் அரக்கின் மேல் வைத்து அடிப்பதும் இதே காரணத்துக்குத்தான்: அடி வாங்க அடியில் இளக்கம் வேண்டும். அடிக்க அடிக்கப் பித்தளை இறுகும். காப்பு தனியாகக் கழன்று வருமென்றால் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி இளகும்.

புள்ளிகளைப் பெரிதாகவே போடுங்கள். கடைசி வரிசைக்கு ஒரு மி.மீ. பூவேலை தெரியாது, 3 மி.மீ. குழி தெரியும். குழி தெரிவதும் இருட்டால்தான். கறுப்பு எனாமலில் கொஞ்சம் பழுப்பு கலந்து, டர்பென்டைன் விட்டு நீர்க்கக் கரைத்துப் பூசுங்கள். சில நிமிடம் விட்டுப் பழந்துணியால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் பெரிக் குளோரைடால் கறுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அலுமினியத்தில் பட்டால் அது கொதித்துப் புகையும். பள்ளிக்கூடத்து வேலைக்கு வேண்டாம்.

நன்றாகக் காய்ந்த பிறகு, கட்டைவிரல் உட்காரும் இடம், காப்பின் வெளிவிளிம்பு, உறையில் உரசும் மேடு ஆகியவற்றை மட்டும் புளியால் துலக்கிக் கழுவித் துடையுங்கள். அந்த மூன்று இடம் தவிர மற்றதைத் தொடாதீர்கள். அப்புறம் ஒத்திகை அன்று மேடை விளக்கைப் போட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். அலகில் எங்காவது வெளிச்சம் கண்ணைக் கூசினால் அங்கே மட்டும் 400 உப்புத்தாளை நீளவாக்கில் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்.