சுடும் விளையாட்டு திணறாமல் ஓட எந்த கிராபிக்ஸ் அமைப்பை முதலில் குறைக்க வேண்டும்?

முதலில் நிழலின் தரத்தைக் குறையுங்கள். நிழலுக்காக விளக்கின் பார்வையிலிருந்து காட்சியை மீண்டும் வரைய வேண்டியிருப்பதால், நேரத்தை அதிகம் விழுங்குவனவற்றுள் அதுவும் ஒன்று. நொடிக்கு 60 பிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) வேண்டுமானால், ஒரு பிரேமுக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடிதான் கிடைக்கும். அப்போதும் போதவில்லையென்றால் ரெசல்யூஷனை 1920×1080-இலிருந்து 1600×900-க்கு இறக்குங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் சுமார் 20.7 லட்சத்திலிருந்து 14.4 லட்சமாகக் குறையும். பிரேம்களைத் திரையின் புதுப்பிப்போடு ஒத்திசைக்கும் வி-சிங்க்கை அணைத்தால், படம் குறுக்கே வெட்டுப்பட்டதுபோலச் சற்றே கிழிசல் தெரியலாம். ஆனால் மவுஸ் அசைவுக்கும் குறி நகர்வதற்கும் இடையிலான தாமதம் குறைவதால், நான் அணைத்தே வைப்பேன்.

காரைக்குடியில் மாடி அறையில் விளையாடுவதாகவும், கால் மணி நேரம் கழித்தே திணறல் தொடங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் வெப்பத்தின் வேலை: சூடேறிய சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். விசிறியின் தூசியைத் துடைத்துவிட்டு, கணினியைக் கீழே, வளவை (வீட்டின் நடுமுற்றப் பகுதியை) ஒட்டிய தடித்த சுவர் அறைக்கு மாற்றிப் பாருங்கள்.